புகையும் சான்றிதழும்

என் பெரியப்பா சங்ககிரி பக்கம் ஒரு பேட்டரிக் கடை வைத்திருந்தார். அது லாரி ஊர். சாலை நெடுக பாடி கட்டும் பட்டறை, டயர்க் கடை, பெயிண்ட் அடிக்கும் ஷெட். கடையின் முன்பக்கம் பேட்டரிக்குச் சார்ஜ் போடுவது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது எல்லாம் நடக்கும். எனக்குப் பிடித்தது பின்பக்கம். செத்த பேட்டரிகளை அங்கேதான் உடைப்பார்கள். ஆசிட்டை வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் சாய்த்துவிட்டு, உள்ளே இருக்கும் தகடுகளை உருவி இரும்புச் சட்டியில் போட்டு, அடியில் கரியைப் பரப்பி ஊதுலை வைத்து உருக்குவார்கள். மேலே மிதக்கும் கசடைக் கரண்டியால் ஒதுக்கினால் அடியில் கண்ணாடி மாதிரி ஈயம். ஒரு நொடி பளபளக்கும். உடனே அதன்மேல் வானவில் நிறத்தில் ஆடை படரும். கோடை விடுமுறையில் நான் போகும்போதெல்லாம் காய்ந்த மணலில் விரலால் குழி தோண்டி வைப்பேன். பெரியப்பா எனக்காக ஒரு கரண்டி ஊற்றுவார். ஆறினதும் உள்ளங்கையில் எடுத்து வைத்தால், அவ்வளவு சின்னத் துண்டு அவ்வளவு கனக்கும். என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தது.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவருக்கு வயிறு முறுக்க ஆரம்பித்தது. அல்சர் என்றார்கள். ஜெலுசில் குடித்தார். அப்புறம் வலது மணிக்கட்டு தொய்ந்துபோனது. டீ கிளாஸ் நழுவி விழும். நரம்புத் தளர்ச்சி என்றார்கள். ஊரில் 'தண்ணி போடறாப்ல' என்று பேச்சு வந்தது. அவர் வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்ததில்லை. வயிற்று வலியைவிட அந்தப் பேச்சுதான் அவரை அதிகம் வருத்தியது. 2009இல் இறந்தார். வயது 57. மூன்று மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒருவரும் எழுதித் தரவில்லை.

வயிறு முறுக்குவதும் மணிக்கட்டு தொங்குவதும் ஈய நஞ்சின் பாடப்புத்தக அடையாளங்கள் என்று நான் படித்தபோது அவர் போய் ஆறு வருடமாகியிருந்தது. அவர் ஈயத்தால்தான் செத்தார் என்று நான் சொன்னால் நீங்கள் ஆதாரம் கேட்கலாம். என்னிடம் இல்லை. அளந்திருந்தால்தானே இருக்கும்? இந்தக் கட்டுரை அந்த 'இல்லை'யைப் பற்றியது.

மனிதன் செய்த மாசு என்று எங்கே பேச்சு எடுத்தாலும் இரண்டு குரல்கள் வந்துவிடும். ஒன்று குடும்ப வாட்ஸப் குழுவில்: நம் முன்னோர்கள் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள், வெள்ளைக்காரன் வந்தான், எல்லாம் கெட்டது. இன்னொன்று அலுவலகச் சாப்பாட்டு மேசையில். என்னோடு வேலை செய்யும் நண்பன், புத்திசாலி, நிறையப் படிப்பவன், போன மாதம் சொன்னான்: "ஆதிமனுஷன் குகைக்குள்ள நெருப்பு மூட்டின அன்னைக்கே பொல்யூஷன் ஸ்டார்ட் ஆயிடுச்சு மச்சி. இது ஹியூமன் நேச்சர். அப்ப ஆள் கம்மி, இப்ப ஆள் ஜாஸ்தி. அவ்ளோதான் டிஃபரன்ஸ்."

முதல் குரலைக் கிண்டல் செய்வது நம் ஆட்களுக்குச் சுலபம். இரண்டாவது குரல் அறிவியல் வேஷம் போட்டுக்கொண்டு வருவதால் அதற்குத் தலையாட்டிவிடுகிறோம். எனக்கு இரண்டும் ஒரே ஆள் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரிதான் தெரிகிறது. ஒன்று பழியைக் காலத்தின் மேல் போடுகிறது. மற்றது 'மனிதன்' என்ற, முகவரியே இல்லாத ஒருவன் மேல் போடுகிறது. இரண்டிலும் யார் பேரிலும் எஃப்.ஐ.ஆர். போட முடியாது.

ஆகவே ஒரே ஒரு உலோகத்தை எடுத்துக்கொள்கிறேன். எனக்குக் கொஞ்சம் பழக்கமான உலோகம்.

ஈயம் என்றதும் ரச வாசனை நினைவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பாட்டியின் ஈயச் சொம்பு வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கி, நிறத்தை வைத்துப் பிரிக்கிறது. லத்தீனிலும் அப்படியே: 'பிளம்பம்' ஒன்று, அதில் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. இனி இங்கே ஈயம் என்றால் கறுப்பன்தான்.

ரோமானியர்களுக்கு முதலில் தேவைப்பட்டது ஈயமே இல்லை, வெள்ளி. ஆனால் ஈயத் தாதுவோடு கலந்துதான் வெள்ளி கிடைக்கும். தாதுவை உருக்கி, ஈயத்தை உலையில் எரித்துப் பிரித்தால்தான் வெள்ளி மிஞ்சும். அதில் போன புகை காற்றேறி, வடக்கே கிரீன்லாந்தில் பனியோடு பனியாக விழுந்தது. அங்கே பனி உருகுவதில்லை, வருடா வருடம் அடுக்காகப் படிகிறது. ஆழமாகத் துளை போட்டு அந்த அடுக்குகளை எடுத்து அளந்தார்கள். 1994இல் வந்த ஆய்வின்படி, கி.மு. 500 முதல் கி.பி. 300 வரையிலான பனியில் ஈயம் இயற்கை அளவைப் போல சுமார் நான்கு மடங்கு. ஐசோடோப்பு விகிதத்தை வைத்து எந்தச் சுரங்கத்து ஈயம் என்றுகூடச் சொல்ல முடிந்தது. ஸ்பெயினின் ரியோ டிண்டோ பகுதிக்குப் பெரிய பங்கு. 2018இல் இன்னும் நுணுக்கமாக ஆண்டுவாரியாக அளந்தார்கள். போர் வந்தால் கோடு இறங்குகிறது. அமைதி வந்தால் ஏறுகிறது. கி.பி. 165இல் தொடங்கிய அன்டோனைன் கொள்ளைநோயில் விழுந்த கோடு பல நூற்றாண்டுகளுக்கு எழவே இல்லை. ஒரு பேரரசின் கணக்குப் புத்தகம் அதற்குத் தெரியாமலேயே பனியில் எழுதப்பட்டிருக்கிறது.

'நம் முன்னோர்' கட்சிக்கு இங்கே ஒரு செய்தி. அந்த வெள்ளியில் அடித்த டெனாரியஸ் காசுகள்தான் கொங்கு நாட்டில் புதையல் புதையலாகக் கிடைத்தவை. மிளகுக்கும் மணிகளுக்கும் விலையாக வந்தவை. முசிறித் துறைமுகத்தில் இறங்கிய சரக்குகளில் ஈயமும் உண்டு என்று பெரிப்ளூஸ் என்ற கிரேக்க வணிகக் கையேடு பட்டியல் போடுகிறது. சாதவாகனர்கள் ஈயத்திலேயே காசு அடித்தார்கள். ராஜஸ்தானின் ஜாவரில் ஈய-துத்தநாகச் சுரங்கங்கள் இரண்டாயிரம் வருடங்களுக்கும் மேல் பழையவை. அந்தப் புகையில் நமக்கும் பங்கு இருக்கிறது. மிளகின் விலையில் அது அடக்கம்.

சரி, அப்படியானால் மேசை நண்பன் சொன்னது உண்மைதானே, எல்லாக் காலத்திலும் எல்லாரும் செய்ததுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் எனக்குச் சண்டை.

அவன் வாதத்துக்கு அடியில் சொல்லாத ஒரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது: அந்தக் காலத்தவர்களுக்குத் தெரியாது, பாவம். தெரியாமல் செய்தார்கள், நாம் தெரிந்துகொண்டோம், இனி மெல்லச் சரியாகும். இது பொய். அவர்களுக்குத் தெரியும். ஸ்ட்ராபோ என்ற புவியியலாளர் ஸ்பெயினின் வெள்ளி உலைகளைப் பற்றி எழுதும்போது, புகை கனமானது, கொல்லக்கூடியது, அதனால் உலைகளை உயரமாகக் கட்டிப் புகையை மேலே அனுப்புகிறார்கள் என்கிறார். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய உயரமான புகைபோக்கி! விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர், குடிநீருக்கு ஈயக் குழாயைவிட மண்குழாய் நல்லது என்கிறார். ஈய வேலை செய்கிறவர்களின் வெளுத்த உடம்பைப் பாருங்கள் என்று சாட்சி காட்டுகிறார். சிவப்புச் சாயத்துக்காகப் பாதரசத் தாதுவை அரைப்பவர்கள் முகத்தில் விலங்குச் சவ்வைக் கட்டிக்கொண்டு வேலை செய்ததை பிளினி எழுதியிருக்கிறார்.

எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. சுரங்கத்தில் இருந்தவர்கள் அடிமைகளும் தண்டனை பெற்றவர்களும். ஸ்பெயின் சுரங்கங்களில் அவர்களுக்கு வாழ்வதைவிடச் சாவே மேலாக இருந்தது என்று டியோடோரஸ் எழுதிவைத்திருக்கிறார், ஒளிவுமறைவு இல்லாமல். யாருக்கும் அதை மறைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அடிமை செத்தால் விசாரணைக் கமிஷன் கிடையாது. புகை கொல்லும், புகை வேண்டும், ஆகவே யாரோ சாவார்கள். ரோமானியனுக்கு அந்தக் கணக்கில் கொடுமை உண்டு, பொய் இல்லை.

பண்டைய காலத்துக்கும் இன்றைக்கும் மாசில் என்ன மாறியது என்றால், அளவு மாறியது, வேதிப்பொருள்கள் மாறின, எல்லாம் உண்மைதான். 1960களின் கிரீன்லாந்துப் பனியில் ஈயம் கி.மு. 800இன் பனியில் இருந்ததைப் போல சுமார் 200 மடங்கு. ஆனால் அடிப்படை மாற்றம் என்று நான் நினைப்பது வேறு. அன்றைக்குப் புகை தனியாக வந்தது. இன்றைக்குப் புகையோடு ஒரு சான்றிதழும் சேர்ந்து வருகிறது: இது கெடுதல் என்று நிரூபணமாகவில்லை.

அந்தச் சான்றிதழ் அச்சடிக்கப்பட்ட இடமும் தேதியும் நமக்குத் தெரியும். 1921 டிசம்பர், அமெரிக்காவின் டேட்டன் நகரம், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடம். எஞ்சினுக்குள் பெட்ரோல் நேரம் தவறி எரிந்து 'டக் டக்' என்று தட்டுவது அன்றைய பெரிய தலைவலி. தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளர் டெட்ராஎதில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைத் துளி கலந்தால் தட்டுவது நிற்கும் என்று கண்டுபிடித்தார். எத்தனால், அதாவது சாராயம், கலந்தாலும் நிற்கும். அது அவர்களுக்கு நன்றாகவே தெரியும், அவர்களே சோதித்தது. ஆனால் சாராயம் காய்ச்சுவதற்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. 1923இல் ஈயம் கலந்த பெட்ரோல் 'எதில்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பெயரில் ஈயம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் இதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் சித்தம் கலங்கிச் செத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில். உடனே மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தைத் தன் கையில் ஊற்றிக் கழுவிக் காட்டினார், முகர்ந்து காட்டினார். முந்தைய வருடம்தான் அவரே ஈய நஞ்சு ஏறி ஃப்ளோரிடாவில் ஓய்வெடுத்துவிட்டு வந்திருந்தார். அவருடைய கதையை நீங்கள் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். ஓசோனில் ஓட்டை போட்ட குளிர்பதன வாயுவும் அவருடையதே என்பதால் வில்லன் தேடுகிறவர்களுக்கு அவர் வசதி. எனக்கு அவரில் பெரிய ஆர்வமில்லை. அடுத்த வருடம் நடந்த கூட்டத்தில்தான் ஆர்வம்.

1925 மே மாதம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு மாநாடு கூட்டினார். நிறுவனத்தின் தரப்பில் வந்தவர் இந்தச் சேர்மத்தைக் கடவுளின் கொடை என்றார். தொழிற்சாலை நோய்களில் அமெரிக்காவிலேயே மூத்த நிபுணரான மருத்துவர் அலிஸ் ஹாமில்டனும் யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சனும் எதிர்த்தார்கள். தெருவில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் ஈயத்தைத் தூவிக்கொண்டே போகும், மெல்ல மெல்லச் சேரும், தெரியும்போது காலம் கடந்திருக்கும் என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். ஒரு குழு அமைத்தார்கள். சில மாதங்களில் 252 பேரைச் சோதித்து, தடை செய்யப் போதுமான காரணம் இப்போதைக்கு இல்லை, தொடர்ந்து ஆராய வேண்டும் என்று எழுதினார்கள். தொடர்ந்து ஆராயும் பொறுப்பு போய்ச் சேர்ந்த இடம், அந்தப் பெட்ரோலை விற்ற நிறுவனங்களின் பணத்தில் இயங்கிய ஓர் ஆய்வுக்கூடம்.

அதன் தலைவர் ராபர்ட் கீஹோ. அடுத்த நாற்பது வருடம் ஈயத்தைப் பற்றி உலகம் அறிந்ததெல்லாம் அவர் அளந்தது. அவருடைய நிலைப்பாடு இரண்டு வரி. ஒன்று: ஈயம் இயற்கையாகவே எல்லார் உடம்பிலும் இருக்கிறது, உடம்பு அதைப் பார்த்துக்கொள்ளும். இரண்டு: ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 80 மைக்ரோகிராமைத் தாண்டாதவரை ஆபத்தில்லை. கெடுதல் என்று சொல்கிறவர் தரவைக் காட்டட்டும்.

முதல் வரியை எப்படி நிரூபித்தார் தெரியுமா? மெக்சிகோவில் மோட்டார் வண்டி வாடையே படாத ஒரு விவசாயக் கிராமத்துக்குப் போய் அளந்தார். அங்கேயும் ஈயம் இருந்தது. பார்த்தீர்களா, இயற்கை! அந்த ஊர்க்காரர்கள் ஈய மெருகு பூசிய மண்பாண்டங்களில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக் இருக்கும் பழைய வெர்ஷனோடு புதிய வெர்ஷனை ஒப்பிட்டு 'ரிக்ரெஷன் இல்லை' என்று ரிப்போர்ட் கொடுப்பது போல.

இரண்டாவது வரி எனக்கு இன்னும் நெருக்கம். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர் பக்கம் திறக்க நேரம் பிடித்தால் நள்ளிரவில் என் போனுக்கு அலர்ட் வரும். எல்லை 800 மில்லி செகண்ட். தினமும் அடித்தது. மூன்று வாரம் தூக்கமில்லை. கோளாறைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆகும். மேலாளர் சொன்னார்: "த்ரெஷோல்டை ரெண்டு செகண்ட் வெச்சிடேன்." நான்தான் மாற்றினேன். கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி. அன்றிரவு டேஷ்போர்டு முழுக்கப் பச்சை. நன்றாகத் தூங்கினேன். கோளாறு அப்படியே இருந்தது, அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் 'அலர்ட்டுகள் 90 சதவீதம் குறைந்தன' என்று ஒரு ஸ்லைடும் வந்தது. கீஹோவை நான் கெட்டவர் என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாததற்கு இதுதான் காரணம். அந்த ஒரு வரியை மாற்றுகிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆட்டம் கலைந்தது வேறொரு திசையிலிருந்து. கிளேர் பேட்டர்சன் என்ற புவிவேதியியலாளர் பூமியின் வயதைக் கணக்கிட விண்கற்களில் இருக்கும் ஈயத்தை அளந்துகொண்டிருந்தார். எண் வரவேயில்லை. எங்கிருந்தோ ஈயம் கலந்துகொண்டே இருந்தது. காற்றில், தண்ணீரில், பாத்திரத்தில், தலைமுடியில், ஆடையில். வருடக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்து, உலகின் முதல் 'தூய அறை' ஆய்வுக்கூடங்களில் ஒன்றைக் கட்டி, கடைசியில் 455 கோடி ஆண்டுகள் என்ற விடையைக் கண்டுபிடித்தார். 1956இல் கட்டுரை வந்தது. வேறொருவர் அதோடு பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்திருப்பார். இவர் திரும்பிப் பார்த்து, நான் துடைத்த ஈயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஆழ்கடல் நீரில் குறைவு, மேல்நீரில் பல மடங்கு. பழைய பனியில் குறைவு, புதிய பனியில் குவியல். பின்னாளில் பண்டைய பெரு நாட்டவர்களின் எலும்புகளை அளந்தபோது, அன்றைய அமெரிக்கரின் எலும்பில் அதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு ஈயம்.

1965இல் அவர் எழுதிய கட்டுரையின் உயிர் ஒரு சின்ன வேறுபாட்டில் இருக்கிறது. வழக்கமாக இருக்கும் அளவும் இயற்கையான அளவும் ஒன்றில்லை. எல்லாரிடமும் இருக்கிறது என்பதால் அது இயல்பாகிவிடாது. எல்லாரும் நஞ்சேறியவர்கள் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். சராசரி அமெரிக்கரிடம் இருக்க வேண்டியதைப் போல நூறு மடங்கு ஈயம் இருக்கிறது என்றார். விலை கொடுத்தார். பெட்ரோலியத் துறை கொடுத்த ஆய்வு நிதி நின்றது. அரசு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. 1971இல் காற்றிலுள்ள ஈயத்தை ஆராய அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் குழு அமைத்தபோது, அந்த விஷயத்தில் உலகில் அதிகம் அளந்தவரான இவர் பெயர் அதில் இல்லை.

'இது மனித இயல்பு' என்று சொல்லும் நண்பனிடம் எனக்குக் கேட்க வேண்டியது இதுதான். எந்த மனிதனின் இயல்பு? கீஹோவும் மனிதன், பேட்டர்சனும் மனிதன். அந்த ஆலையில் செத்த ஐந்து பேரும் மனிதர்கள். இவர்கள் எல்லாரையும் ஒரே சொல்லில் போட்டு அரைத்து 'மனிதன் சுற்றுச்சூழலைக் கெடுத்தான்' என்று எழுதுவது பள்ளிக் கட்டுரைப் போட்டிக்குச் சரி. கூட்டம் நடந்த தேதி இருக்கிறது, யார் என்ன சொன்னார்கள் என்ற பதிவு இருக்கிறது, மாற்று இருந்ததற்கான சான்று இருக்கிறது. இதெல்லாம் இருக்கும்போது மனித இனத்தின் மேல் சோகமாகப் பழி போடுவது தத்துவம் மாதிரி கேட்கும். எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் கேட்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விரக்தியும் அந்தச் சோம்பேறித்தனத்தின் தங்கைதான். ரோமானியப் புகை நின்றது கொள்ளைநோயால். 1349இல் ஐரோப்பாவில் கறுப்புச் சாவு பரவியிருந்தபோது ஆல்ப்ஸ் பனியில் ஈயம் கிட்டத்தட்டக் காணாமலே போனது; சுரங்கத்தில் இறங்க ஆளில்லை. பழைய காலத்தில் மாசு குறைய வேண்டுமென்றால் மனிதர்கள் சாக வேண்டியிருந்தது. பெட்ரோல் ஈயம் அப்படி நிற்கவில்லை. 1970களின் கடைசியில் அமெரிக்கச் சிறு குழந்தைகளின் ரத்தத்தில் சராசரி 15 மைக்ரோகிராம் ஈயம். இன்று ஒன்றுக்கும் கீழே. ஒருவரும் சாகாமல், வண்டிகள் முன்பைவிட அதிகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே குறைந்தது. காரணம் சட்டம். (முதலில் ஈயமில்லாப் பெட்ரோலைக் கொண்டுவர வைத்தது குழந்தைகளின் மூளை இல்லை, புதிய கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். ஈயம் பட்டால் அது கெட்டுவிடும். இரும்புக்குக் காட்டிய பரிவு கொஞ்சம் பிள்ளைகளுக்கும் பயன்பட்டது.) இந்தியாவில் 1995இல் நான்கு பெருநகரங்களில் தொடங்கி 2000இல் முழுக்க நின்றது. டி.வி.எஸ். 50இன் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து அப்பாவோடு பள்ளிக்குப் போன என் வருடங்கள் அதற்கு முந்தையவை. உலகின் கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021 ஜூலையில் நின்றது. இடைப்பட்ட காலத்தில், 2010இல், இந்தச் சேர்மத்தைத் தயாரித்த இன்னோஸ்பெக் நிறுவனம், விற்பனை தொடர்வதற்காக இந்தோனேசியாவிலும் ஈராக்கிலும் அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஹியூமன் நேச்சருக்கு லஞ்சம் எதற்கு?

பக்கத்து நாட்டு உதாரணம் ஒன்று. வங்கதேசத்தில் மஞ்சள் கிழங்கு பளிச்சென்று தெரிய ஈயக் குரோமேட் பூசினார்கள். 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம். ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள், அரசு சந்தைக்கே கருவியைக் கொண்டுபோய்ச் சோதித்து அபராதம் போட்டது. 2021இல் பூஜ்யம். இரண்டே வருடம்.

இப்போது திரும்பவும் பேட்டரி. இன்று உலகில் பயன்படும் ஈயத்தில் 85 சதவீதத்துக்கும் மேல் பேட்டரிக்குள்தான் போகிறது. 2020இல் யூனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, உலகின் மூன்றில் ஒரு குழந்தையின், சுமார் 80 கோடிப் பேரின், ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருக்கிறது என்று கணித்தது. இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கும் மேல். பெட்ரோல் ஈயம் நின்று இருபது வருடம் கழித்து! ஏழை நாடுகளில் இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணங்களில் ஒன்று, என் பெரியப்பாவின் பின்கட்டு மாதிரியான இடங்களில் நடக்கும் உருக்கல். ஒரு நாளைக்குப் பத்து மணிநேரம் கரண்டு போன வருடங்களில் தமிழ்நாட்டு வீடுகளில் இன்வெர்ட்டர் வாங்காதவர் யார்? நானும் வாங்கினேன். போன வருடம் பேட்டரி மாற்றியபோது பழையதை எடைபோட்டு விலையில் கழித்தார்கள். இது எங்கே போகும் என்று கேட்டேன். "அதெல்லாம் கம்பெனிக்குப் போயிடும் சார்." 2001லிருந்து விதிகள் இருக்கின்றன, 2022இல் புதிய விதிகளும் வந்தன. பில்லில் எல்லாம் சரியாக இருந்தது. காகிதத்தில் நான் சுத்தமானவன்.

பெரியப்பாவின் கடையை இப்போது அண்ணன் நடத்துகிறான். அவன் உருக்குவதில்லை. உடைத்து, தகடுகளைச் சாக்கில் கட்டிவைத்தால் வாரம் ஒருமுறை ராத்திரியில் ஒரு டாட்டா ஏஸ் வந்து எடுத்துப் போகும். எங்கே என்று அவனும் கேட்டதில்லை. சில மாதங்களாகவே அவன் வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டிருந்தான். ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னேன். "பாத்து என்ன பண்ணப் போற தம்பி? கடைய மூடவா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. பணம் மட்டும் அனுப்பினேன். உள்ளூர் லேபில் அந்தச் சோதனை கிடையாது, மாதிரியை வெளியூருக்கு அனுப்பிப் பத்து நாள் ஆனது. ரிப்போர்ட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். 27 மைக்ரோகிராம். பக்கத்துக் கட்டத்தில் ஒப்பீட்டு அளவு அச்சாகியிருந்தது: தொழில் நிமித்தம் ஈயத்தோடு பழகுகிறவர்களுக்கு 40க்குக் கீழ். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லவே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அது அந்தக் கட்டத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

படத்துக்குக் கீழே குரல்பதிவு: "நார்மல்னுதான் வந்துருக்குது தம்பி. வயிறு வேற ஏதோ போல. வுடு, பாத்துக்கலாம்."

நேரில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அதற்கு ஒன்றும் எழுதவில்லை. பாப்பாவுக்கும் ரத்தம் எடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டிருக்கிறேன். நாலு வயது. ஸ்கூல் விட்டதும் கடையில்தான் இருப்பாள். இரண்டு நீல டிக் வந்துவிட்டது.